மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும் வண்டி

டூவீலர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். கோளாறு வருகிறது, தானாகவே போய்விடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி சமர்த்தாக ஓடுகிறது. மெக்கானிக்கும் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கிறார், பணம்தான் கரைகிறது. அதனால் எதை மாற்றுவது என்பதைவிட, கோளாறு கையில் சிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்பதற்கே பதில்களில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன டிஜிட்டல் மல்டிமீட்டர், நல்ல நிலையில் உள்ள ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், ஹோல்டரோடு 21 வாட் பிரேக் லைட் பல்பு, அதில் இரண்டு நீள வயர், கொஞ்சம் டேப். இவ்வளவு இருந்தால் கீழே சொல்லும் சோதனைகளில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

என் 125 சிசி வண்டி, கார்பரேட்டர் மாடல். காலையில் பிரச்சினை இல்லை. வெயில் நேரத்தில் இருபது கிலோமீட்டர் தாண்டினால் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் போட்டுவைத்தால் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. பிளக், காயில், சி.டி.ஐ. (பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) மூன்றையும் மாற்றியாகிவிட்டது. இப்போது இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார்கள். பிரிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

இப்போதைக்கு வேண்டாம். சூட்டில் நிற்கும் இன்ஜினில் மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும்: கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). எது என்பதை வண்டி நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிவிட்டால் சாட்சியும் போய்விடும்.

எப்படி நிற்கிறது என்பதே பாதி விடை. சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று கட் ஆனால் கரண்ட். இழுவை குறைந்து, திக்கித் திணறி, கொஞ்ச தூரம் போய் நின்றால் பெட்ரோல். அந்த நேரத்தில் சோக் போட்டால் ஒரு நிமிடம் உயிர் வரும். வேகத்தில் ஓடுகிறது, சிக்னலில் ஐடிலிங் நிற்காமல் அணைகிறது, கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறது என்றால் கம்ப்ரஷன்.

நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. மூடியைக் கழற்றி, துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும். டேங்க் கவர் போடுபவர்கள், கவர் அந்தத் துளையை மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கரண்ட். பிளக் கேப்பை உருவி, கையில் உள்ள பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடம்பைப் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் அழுத்திவைத்துக் கிக்கரை அடியுங்கள். இன்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். அந்த ஓட்டை வழியே வரும் பெட்ரோல் ஆவி பொறியில் பற்றும். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டும் அடிக்க வேண்டாம். வெளியேற வழி தெரியாத ஹை டென்ஷன் கரண்ட் காயிலையோ சி.டி.ஐ.யையோ பொத்துவிடும். நீலப் பொறி தெளிவாக வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். பொறி இல்லையென்றால், காயிலும் சி.டி.ஐ.யும் மாற்றியான உங்கள் வண்டியில், முதல் சந்தேகம் பல்சர் காயில், அதாவது பொறி எப்போது விழ வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்லும் காயில்.

பல்சர் காயில் மேக்னெட் (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் பகுதி) கவருக்குள், சூடான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சுற்று முடிபோல மெல்லிய கம்பி. எங்காவது ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தால், குளிரில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். மேக்னெட்டிலிருந்து மேலே வரும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை) கழற்றி, பல்சர் வயரின் ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள். பல வண்டிகளில் 100 முதல் 300 ஓம் வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் புத்தகத்தில் கிடைக்கும். ஒற்றை வயர்தான் வருகிறது என்றால் மறுமுனை இன்ஜின் எர்த், அதாவது இன்ஜினின் உலோக உடம்பு.

இங்கே ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் 4 சதவீதம் ஏறும். குளிரில் 200 ஓம் காட்டிய காயில், 60 டிகிரி கூடுதல் சூட்டில் 250-க்குப் பக்கத்தில் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டுக் காயில் போச்சு என்று முடிவுகட்டக் கூடாது. ஆயிரக்கணக்கான ஓமுக்குத் தாவினாலோ, மீட்டர் 'ஓப்பன்' காட்டினாலோ, எண் நிற்காமல் ஆடினாலோதான் போச்சு. ரோட்டில் அளக்க வசதியில்லையென்றால் வீட்டில் கவரைக் கழற்றி, மீட்டரை மாட்டிய நிலையில் ஹேர் டிரையரால் காயிலைச் சூடாக்குங்கள். எண் ஏறிக்கொண்டே வந்து சட்டென்று மறைந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

வண்டி ஏ.சி. வகை (மேக்னெட்டிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும்) சி.டி.ஐ. என்றால் மேக்னெட்டுக்குள் சி.டி.ஐ.க்கென்று தனியாக ஒரு காயில் உண்டு. அதையும் இதேபோல் சூட்டில் அளக்க வேண்டும். டி.சி. வகை (பேட்டரியிலிருந்து எடுப்பது) என்றால் பொறி இல்லாத நேரத்தில் சி.டி.ஐ.க்கு 12 வோல்ட் வருகிறதா என்று பல்பு வைத்துப் பாருங்கள். இன்னொன்று: புதிதாகப் போட்டதாலேயே காயிலும் சி.டி.ஐ.யும் நல்லவை என்று நம்பிவிட வேண்டாம். பழைய ஒரிஜினலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதைத் திரும்ப மாட்டி, ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால், நின்றவுடன் கார்பரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள், இன்ஜின் சூட்டில் சிந்தாமல். கிண்ணம் காலியாக இருந்தால் மேலிருந்து வரத்து இல்லை: பெட்ரோல் திறந்து மூடும் டேப், ஃபில்டர், குழாய். நிறைய இருந்தும் ஓடவில்லையென்றால் ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளை). பாட்டிலின் அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் தண்ணீர்.

கம்ப்ரஷன் என்றால்கூட உடனே பிரிக்கத் தேவையில்லை. மறுநாள் காலை, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் (வால்வை அழுத்தும் பகுதி) இடைவெளியை ஃபில்லர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டில்) அளக்கச் சொல்லுங்கள். வால்வு தன் சீட்டில் அமுங்கி அமுங்கி இந்த இடைவெளி நாளடைவில் குறைந்துபோகும். சூட்டில் வால்வு தண்டு நீளும்போது முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். பலர் 'டேப்பட் சத்தம்' பிடிக்காமல் இறுக்கிவைக்கச் சொல்வதாலும் இது வரும். லேசான டிக் டிக் சத்தம் போடும் டேப்பட் இன்ஜினைக் கெடுக்காது. சத்தமே இல்லாத டேப்பட்தான் எக்ஸாஸ்ட் வால்வை எரிக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை ஃபியூஸ் போகிறது. புதிது போட்டால் நாலைந்து நாள் ஓடுகிறது. வயரிங் கிட் முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் நிற்குமா?
– வாசகர், கரூர்

ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 10-தான். சிகரெட் பெட்டி ஜரிகைத் தாள், செம்புக் கம்பி வைப்பதெல்லாம் டேங்குக்கு அடியில் அடுப்பு மூட்டுகிற வேலை.

ஒவ்வொரு முறையும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்காமல் ஷார்ட்டைத் தேட எளிய வழி இருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு முனையிலும் 21 வாட் பல்பின் வயர்களைச் சொருகுங்கள். இனி அந்த லைனில் எவ்வளவு பெரிய ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் எரியாது. எங்கேயும் ஷார்ட் இல்லாதபோது, சாவி போட்டால் பல்பு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. லைன் எர்த்தில் பட்டால் பளிச்சென்று முழு வெளிச்சம்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. அது பேட்டரி லைனில் ஓடும் மாடல்களில் பல்பு எப்போதும் கொஞ்சம் பிரகாசமாகவே எரியும். ஹெட்லைட் கப்ளரைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

பல்பை ஹேண்டில்பாரில் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி கட்டிக்கொண்டு, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். வயர் கட்டு சேஸின் (வண்டிச் சட்டத்தின்) கழுத்தைச் சுற்றிப் போகிற இடத்தில்தான் அதிகம் உரசும். அங்கே பளிச்சிடவில்லையென்றால் டேங்கைக் கழற்றி அதன் அடியில் போகும் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு சீட்டுக்கு அடியில் நசுங்கும் இடம், பின் மட்கார்டுக்குள் டெயில் லைட்டுக்குப் போகும் வயர், செயின் பக்கம் தொங்கும் பிரேக் சுவிட்ச் வயர். கடைசியாக ஹாரன், பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பல்பு கொஞ்சம் கூடுதலாக எரிவது சகஜம்; ஏதோ ஒன்றுக்கு மட்டும் முழுசாக எரிந்தால் அந்த லைன். எல்லாம் ஓய்ந்து நிற்கும்போதே பளிச்சென்று எரிந்தால் இன்னும் சுலபம்: ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் அணைகிறதோ அதற்கு அப்பால்தான் ஷார்ட்.

கண்டுபிடித்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். வெயிலில் பசை உருகி டேப் நழுவி ஆறு மாதத்தில் அதே கதை. ஈயம் வைத்து, சுருங்கும் டியூப் போட்டு, கழுத்துப் பகுதியில் வயருக்குத் தளர்வு கொடுத்துக் கட்டுங்கள். வயரிங் கிட் முழுசாக மாற்றுவது, இரண்டு மூன்று இடத்தில் உருகிப்போன வண்டிக்குத்தான். ஒரு உரசலுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. பல்பு தேடுவதற்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது.

மழையில் நனைந்தாலோ வாட்டர் வாஷ் செய்தாலோ இரண்டு நாள் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டுவிட்டு அடிக்கிறது). அப்புறம் தானாகச் சரியாகிறது.
– வாசகர், நாகர்கோவில்

ராத்திரி, வெளிச்சம் இல்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பூவாளி ஸ்பிரேயால் பிளக் கேப், ஹெச்.டி. வயர் (காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயர்), காயில் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். கை தள்ளியே இருக்கட்டும். எங்கே நீலமாக ஊர்கிறதோ அங்கே கசிவு. பெரும்பாலும் பிளக் கேப்பின் ரப்பர் வெடித்திருக்கும். கேப்பைத் திருகிக் கழற்றி, ஹெச்.டி. வயரின் நுனியில் பச்சை பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுக் கேப்பைத் திருகுங்கள். வாங்கும்போதே மீட்டரில் அளந்து வாங்கலாம்: ரெசிஸ்டர் கேப் என்றால் 5,000 ஓம் அளவில் காட்டும். எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்கு ரெசிஸ்டர் இல்லாத கேப்பும் பிளக்கும் போடவே கூடாது. பொறியின் இரைச்சல் ஈ.சி.யூ.வுக்குள் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குள்) புகுந்து புதிதாக ஒரு மர்மக் கோளாறைத் தொடங்கிவைக்கும்.

செல்ஃப் பட்டனை அழுத்தினால் சில நேரம் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. இரண்டு மூன்று முறை அழுத்தினால் சுற்றுகிறது. பேட்டரி புதிது. எல்லா வயரிலும் 12 வோல்ட் காட்டுகிறது என்கிறார் எலக்ட்ரீஷியன்.
– வாசகர், பொள்ளாச்சி

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் அளந்து பயனில்லை. இருபது இழை உள்ள வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்டைத்தான் காட்டும். மூடிய குழாயில் பிரஷர் எப்போதும் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் உள்ளே அடைப்பு இருப்பது தெரியும். செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும். அந்த இழுப்பின்போது எந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, கில் சுவிட்சை அணைத்தாலும் செல்ஃப் சுற்றும் வண்டியாக இருந்தால் அதை அணையுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் ஆவதற்குள் அளவைப் பார்த்துவிடுங்கள். இனி ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும். அழுத்தும்போது 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பேட்டரி நல்லது. 9-க்குக் கீழே விழுந்தால், புதிதானாலும் சரி, சார்ஜ் இல்லை அல்லது செல் போயிருக்கிறது.

அடுத்து எர்த். ஒரு முள் பேட்டரி நெகட்டிவ் முனையின் ஈயத்தில், இன்னொன்று இன்ஜின் உடம்பில். அழுத்தும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்குமேல் காட்டக் கூடாது. 1 வோல்ட் காட்டினால் எர்த் வயர் சேஸில் சேரும் இடத்தில் துரு அல்லது பெயின்ட் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றிப் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள்.

மூன்றாவது, ஸ்டார்ட்டர் ரிலேயின் (பட்டனை அழுத்தினால் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சின்) இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவில். அழுத்தாதபோது பேட்டரி வோல்ட் முழுசாகக் காட்டும். அழுத்தினால் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்டும் 12-லேயே நின்றால் ரிலேயின் உள் காண்டாக்ட் தீய்ந்துவிட்டது. 'டக்' சத்தம் வந்து, ரிலேயிலும் அளவு பூஜ்யமாகி, எர்த்தும் சரியாக இருந்து, மோட்டார் மட்டும் சுற்றவில்லையென்றால் மோட்டார் பிரஷ் (உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு) தேய்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் மோட்டார் உடம்பில் ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டிச் சுற்றினால் அது உறுதி. இது வீடு போய்ச் சேர்வதற்கான தந்திரம். வைத்தியம் பிரஷ் மாற்றுவதுதான்.

'டக்' சத்தமே வராத நேரமும் உண்டென்றால் கதை வேறு. கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், பட்டன் என்று மெல்லிய வயர் பக்கம் தேட வேண்டும். கிளட்சை இழுத்தபடி விரலால் லிவரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

நான்கு நாள் ஓட்டாமல் வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. தினமும் ஓட்டினால் ஒன்றும் இல்லை.
– வாசகர், தாம்பரம்

தினமும் ஓட்டினால் ஏறிவிடுகிறது என்றால் சார்ஜிங் ஓரளவு சரி. நிற்கும்போது எங்கோ கசிகிறது. கணக்கு எளிது. 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 40 மில்லிஆம்பியர் கசிந்தால் 125 மணி நேரத்தில், அதாவது ஐந்தே நாளில், முழுசாகக் காலி. பாதி இறங்கும்போதே செல்ஃப் திணற ஆரம்பித்துவிடும்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் மாட்டுங்கள். சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்க வேண்டாம். கசிவு சின்னது என்று தெரிந்தபிறகு மில்லிஆம்பியருக்கு வரலாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி போடுவதோ செல்ஃப் அடிப்பதோ கூடாது. மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். வண்டியின் ஸ்பீடோ மீட்டரில் உள்ள கடிகாரத்துக்கும் ஈ.சி.யூ.வுக்கும் ஓரிரு மில்லிஆம்பியர் போவது சகஜம். இருபது, முப்பது என்று காட்டினால் தேட வேண்டியதுதான்.

முதலில் வெளியே வாங்கி மாட்டியவை: ஜி.பி.எஸ்., அலாரம், பேட்டரியிலிருந்து நேராக எடுத்த மொபைல் சார்ஜர், எல்.இ.டி. ஃபாக் லைட்டின் ரிலே. போன் சொருகாவிட்டாலும் சார்ஜர் தன் பங்குக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றைக் கழற்றியும் குறையவில்லையென்றால் ஆர்.ஆர். யூனிட் (மேக்னெட் கரண்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கப்ளரை உருவுங்கள். அளவு சட்டென்று விழுந்தால் அதன் உள்ளே உள்ள டயோடு கசிகிறது. அதற்கும் அசையவில்லையென்றால் சாவி சுவிட்ச். மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பூத்திருக்கும்.

கையோடு சார்ஜிங்கையும் பார்த்துவிடுங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குமேல் காட்டும். இன்ஜினை 4,000 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் 13.5-க்கும் 14.8-க்கும் நடுவில். குறைவாக இருந்தால் ஆர்.ஆர். கப்ளரைக் கழற்றி, மேக்னெட்டிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டியானால் அவற்றை இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட்டில் அளங்கள். மூன்று ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, எந்த மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பு இல்லை என்றும் உறுதிசெய்யுங்கள். இந்தச் சோதனையைக் குளிரில் ஒருமுறை, அரை மணி நேரம் ஓட்டிவந்து ஒருமுறை செய்தால்தான் நம்பலாம். காயிலின் வார்னிஷ் சூட்டில்தான் கைவிடும்.

2021 மாடல், பி.எஸ்.6 எஃப்.ஐ. வண்டி. பள்ளத்தில் இறங்கும்போது சில நேரம் இன்ஜின் ஒரு நொடி கட் ஆகி மறுபடி பிடிக்கிறது. எப்போதாவது முழுசாக நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து 'எரர் கோடு எதுவும் இல்லை' என்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

எரர் கோடு இல்லை என்பதும் ஒரு தகவல்தான். சென்சார் செத்தால் ஈ.சி.யூ. பதிவு செய்யும். ஈ.சி.யூ.வுக்கே கரண்ட் போய்விட்டால் யார் பதிவு செய்வது? உங்கள் வண்டியில் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தமுறை கட் ஆகும்போது கண் ஸ்பீடோ மீட்டரில் இருக்கட்டும். மீட்டரும் சேர்ந்து அணைந்து எரிந்தால் பேட்டரி முனை, மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச் இந்த மூன்றுக்குள்தான். அதிலும் கடிகாரம் அழிந்து ஆரம்ப நேரத்துக்குப் போயிருந்தால் சாவி சுவிட்சுக்கு முன்னால், அதாவது பேட்டரி முனையில் அல்லது மெயின் ஃபியூஸ் ஹோல்டரில். ஏனென்றால் கடிகாரத்துக்குச் சாவியைத் தாண்டாமல் நேராகக் கரண்ட் போகிறது. கடிகாரம் சரியாக இருந்து மீட்டர் மட்டும் கண் சிமிட்டினால் சாவி சுவிட்ச். கொத்தாகச் சாவி தொங்கவிடுபவர்கள் மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

மீட்டர் அசையாமல் எரிந்துகொண்டிருக்க இன்ஜின் மட்டும் நின்றால் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், வண்டி சாய்ந்தால் இன்ஜினை அணைக்கும் சென்சார், பெட்ரோல் பம்ப் லைன் என்று வரிசை. சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்து பள்ளத்தில் ஸ்டாண்ட் ஒரு விரல் அளவு இறங்கினாலே சுவிட்ச் வேலை செய்துவிடும். ஸ்டாண்டைக் கயிற்றால் மேலே இறுகக் கட்டி அதே பள்ளங்களில் ஓட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும். சாய்வு சென்சார் தன் ரப்பர் புஷ்ஷில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா, மேலே எழுதியுள்ள திசைப்படி மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். டேங்கோ சீட்டோ கழற்றிய வேலைக்குப்பிறகு இது தவறிப்போவதுண்டு.

நின்றதும் சாவியை ஒருமுறை அணைத்து, திரும்ப ஆன் செய்யுங்கள். டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி 'ஊங்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காத நேரத்தில் பம்ப் கப்ளரில் 21 வாட் பல்பை மாட்டி மறுபடி சாவி போடுங்கள். பல்பு எரிந்தால் பம்ப், எரியாவிட்டால் ரிலே அல்லது வயர். கப்ளரை அசைத்தால் பம்ப் உயிர் பெறுகிறது என்றால் உள்ளே இருக்கும் பின் அகன்றிருக்கிறது. மெல்லிய ஊசியால் நெருக்கிவிட்டால் பிடிப்பு திரும்பும். கப்ளரை 'கிளிக்' என்று பூட்டாமல் விட்டிருப்பதும் அடிக்கடி காண்பதே.

பம்ப் ஓடுகிறது, ஆனால் டேங்கில் பெட்ரோல் குறைந்த நேரத்தில் மட்டும் இன்ஜின் திணறுகிறது என்றால் தண்ணீர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தைக் கொஞ்சம் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும். பம்ப் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. மழைக்காலத்தில் டேங்க் மூடி பீடிங்கைச் சுற்றியுள்ள வடிகால் துளை அடைத்திருந்தாலே தண்ணீர் உள்ளே போகப் போதும். டேங்கை முழுசாக வடித்துக் காயவைப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை.

பழைய 100 சிசி வண்டி. ஓடும்போது கட் ஆகும், ஆனால் ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்யும். ஹேண்டிலை ஆட்டினால் திரும்ப ஓடும்.
– வாசகர், சேலம்

ஏ.சி. சி.டி.ஐ. உள்ள பழைய வண்டிகளில் இன்ஜினை அணைக்கும் முறையே தலைகீழ். சாவியை அணைத்தால் சி.டி.ஐ.யின் ஒரு வயர் எர்த்தாகும். அதனால் பொறி நிற்கும். அந்த வயர் வழியில் எங்காவது தோல் உரிந்து சேஸில் பட்டாலும், சாவி சுவிட்சுக்குள் ஈரம் இருந்தாலும் அதே விளைவு. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் அது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர். சி.டி.ஐ. பக்கம் அதை மட்டும் கழற்றி இன்சுலேஷன் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். கட் ஆகவில்லையென்றால் சி.டி.ஐ.க்கும் காயிலுக்கும் செலவு மிச்சம். அந்த ஒரு வயரைச் சரிசெய்தால் போதும். கழற்றியிருக்கும்போது சாவியால் இன்ஜின் அணையாது. நாலாவது கியரில் பிரேக்கைப் பிடித்தபடி கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். சாவி இல்லாமல் யாரும் கிளப்பிக்கொண்டும் போகலாம், ஜாக்கிரதை.

ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் இறங்க நேரமாகிறது. சில நாள் மட்டும்.
– வாசகர், ஈரோடு

கேபிளில் ஃப்ரீ பிளே (கொஞ்சம் தளர்வு) இருக்கிறதா, ஹேண்டிலைத் திருப்பினால் ஆர்.பி.எம். ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறினால் கேபிள் போகும் வழி தவறு. இல்லையென்றால், கார்பரேட்டரையும் இன்ஜின் ஹெட்டையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு. ஆறிய இன்ஜினைக் கிளப்பி, சைலன்சர் பக்கம் படாமல், ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே செய்யுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் காற்று அங்கேதான் நுழைகிறது. வெடிப்பு அடிப்பக்கம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கழற்றி வளைத்துப் பார்க்க வேண்டும்.

பாயின்ட் செட் உள்ள பழைய புல்லட். சூடானால் பேக் ஃபயர், மிஸ்ஸிங். பாயின்ட் தேய்த்தால் ஒரு வாரம் தாங்குகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பாயின்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட்) கறுத்துக் கறுத்துப் போவது நோயல்ல, அறிகுறி. பாயின்ட்டோடு இணைந்து அங்கே பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் பலவீனமானால், பாயின்ட் திறக்கும்போது கரண்ட் அங்கேயே பொறியாகச் செலவழிந்துவிடும். பாயின்ட் மூடியைக் கழற்றி இன்ஜின் ஓடும்போது பாருங்கள். பாயின்ட்டில் பெரிதாக, இடைவிடாமல் நீலப் பொறி தெரிந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். அதன் பிறகு பாயின்ட்டைச் சமமாகத் தேய்த்து, முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளியை 0.35 – 0.40 மி.மீ.யில் வையுங்கள். ஃபில்லர் கேஜில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டே நுழைக்க வேண்டும். அந்தப் பிசுக்கு பாயின்ட்டில் ஒட்டினால் அடுத்த வாரமும் கறுக்கும். கேமை (சுற்றும்போது பாயின்ட்டைத் திறக்கும் மேட்டை) துடைக்கும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு கிரீஸுக்குமேல் வேண்டாம்.